அரை அங்குலம்

சியாதூரா மருத்துவமனை, இரண்டாம் மாடி.
ஹீட்டர் இன்றும் வேலை செய்யவில்லை.
ஜூஜுனா காலுறையைக் கழற்றுகிறாள்,
தூங்கும் யாரையோ எழுப்பிவிடாமல்
போர்வை விலக்குவது போல.

நான்காம் விரலின் நுனி கறுத்திருக்கிறது.
"மாங்கனீசுத் தூசி" என்கிறாள்.
இந்த ஊரில் எதற்கும் அதுதான் பதில்.

முப்பத்தோரு வருடம்
கம்பிவடப் பெட்டியின் கதவைத் திறந்து மூடியவள்.
வெளுத்த முகங்களை மேலே ஏற்றிக்
கறுத்த முகங்களைக் கீழே இறக்கியவள்.
நின்றே தேய்ந்த பாதம்.

ஜெல் சில்லென்று விழுகிறது.
பென்சில் பருமனுள்ள கருவியைக்
கட்டைவிரலுக்கும் அடுத்ததற்கும் நடுவே தொடங்கிப்
புறங்கால் மேட்டில் மெல்ல ஏற்றுகிறேன்.
இரைச்சல்.
வானொலியில் நிலையம் தப்பிய இரைச்சல்.
ஒரு நூல் இடப்பக்கம், ஒரு நூல் வலப்பக்கம்.
இரைச்சல்தான்.

"மேல் லைன் நின்றுவிட்டதா?"

பதில் சொல்லாமல்
உட்கணுக்காலின் பின்னால் போகிறேன்.
எலும்புக்கும் குதிகால் நாணுக்கும் இடையில்
ஒரு விரல் படுக்கும் பள்ளம்.
அங்கே
வுஷ்.
வுஷ்.
ஈரத் துணியை யாரோ உதறுவது போல
அவளுடைய இரத்தம்.
உள்ளங்காலுக்குள் புகுந்து
இரண்டாகப் பிரிந்து வளைந்து
விரல்களுக்குப் படியளக்கிற தமனி.

"கீழ் லைன் ஓடுகிறது" என்கிறேன்.
"அது போதும். ஒரு குளிர்காலம் முழுக்க
ஊரே ஒரு லைனில்தான் தொங்கியது."

போதுமா என்று எனக்குத் தெரியாது.
குத்தாயிசியிலிருந்து வியாழக்கிழமை வரும்
டாக்டர் சொல்வார்.

எழுந்தவள் மறுபடி உட்காருகிறாள்.
"உன் காலில் வை பார்ப்போம்.
இந்தப் பெட்டி பொய் சொல்கிறதா என்று."

இருபத்தொன்பது வயதுப் பாதம், மலையேறும் பாதம்.
புறங்காலில் இரைச்சல்.
மறுபடியும் இரைச்சல்.
படித்திருக்கிறேன்:
சிலருக்குப் பிறவியிலேயே அந்த நாடி இருப்பதில்லை;
வேறொரு கிளை
சத்தமில்லாமல் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.
ஆறு வருடமாக ஊரார் கால்களைக் கேட்கிறேன்,
என் காலை ஒருநாளும் கேட்டதில்லை.

ஜூஜுனா சிரிக்கிறாள், கட்டில் கிறீச்சிட.
"உனக்கும் சிகரெட் பழக்கமா?"

சத்தம் கேட்ட இடத்தில்
நீலப் பேனாவால் பெருக்கல் குறி போட்டு
அனுப்புகிறேன்.

வியாழக்கிழமை வருகிறாள்.
குறி புதிதாக இருக்கிறது, முன்னைவிட அடர் நீலமாக.
குளிக்கக் குளிக்க அழிந்ததை
அவளே திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறாள்.
அரை அங்குலம் தள்ளி.

டாக்டரின் கருவி அங்கே எதையும் கேட்கவில்லை.
அவர் கறுத்த விரலைப் பார்க்கிறார்,
பிறகு என்னை.

கருவியை வாங்கிக்கொண்டு குனிகிறேன்.
ஜூஜுனா மூச்சை அடக்கிக்கொள்கிறாள்,
பெட்டி தூணைக் கடக்கும்போது
எல்லோரும் அடக்குவது போல.