பேர் சொல்லாதது

காக்கா என்று சொல்ல வராது கோதைக்கு.
பால்கனிக் கம்பியில் வந்து உட்காருவதைக் காட்டி
தாத்தா என்பாள்.
நான்கு வருஷமாய் ஃபோட்டோவில் இருக்கிற என் அப்பா
பிஸ்கட் துண்டைக் கவ்விக்கொண்டு
எதிர் பிளாக் தண்ணீர்த் தொட்டிமேல் போய் அமர்வார்.
அமாவாசைக்கு அமாவாசை சோறு வைக்கிற மேகலா
"சரியாத்தானே சொல்றா" என்று சிரித்தாள்
முதல் நாள்.

நாக்கின் நுனி முந்திக்கொள்கிறது,
பின்பக்கம் எழும்ப மாட்டேன் என்கிறது,
அதனால் ககரமெல்லாம் தகரமாகிவிடுகிறது என்று
படம் வரைந்து காட்டினார் தெரபிஸ்ட் மேடம்,
பெரம்பூரில், மாடிப்படிக்குக் கீழே ஒரு பாதி அறையில்.
பாடி மேம்பாலத்தடியில்
நாள் முழுக்கத் தகரம் தட்டி நெளிவெடுக்கிறவன் நான்.
என் கைகளைப் பார்த்தாரோ என்னவோ,
தட்டாதீர்கள் என்றார்.
தப்பு என்று சொல்லாதீர்கள். திரும்பச் சொல் என்று பிடுங்காதீர்கள்.
நீங்கள் சரியாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.
அவள் பேச வரும்போது
மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள்.

கீழ்வீட்டு அக்கா வசம்பு சுட்டு எடுத்து வந்தாள்.
பொழுது சாய்ந்தால் அதன் பேரை எடுக்கக் கூடாதாம்,
பேர் சொல்லாதது என்றுதான் கடையில் கேட்க வேண்டுமாம்.
பேச்சைக் கொண்டுவருகிற மருந்துக்கே
பேச்சில் இடமில்லை.
உரசி நாக்கில் தடவினோம்.
"தசத்துது" என்றாள்.

பத்து வரை எண்ணுவது சுலபம் என்று நினைத்திருந்தேன்.
வில்லிவாக்கம் பேக்கரி, ஞாயிறு சாயங்காலம்.
கண்ணாடிப் பெட்டிக்கு எக்கி நின்று
"தேத்" என்றாள்.
என்ன பாப்பா என்றார் கடைக்காரர். ஒன்று.
"தேத்." இரண்டு, மூன்று.
பின்னால் ஒருவர் சில்லறையைக் குலுக்கினார். நான்கு.
கடைக்காரர் என்னைப் பார்த்தார்,
நான் ஃபேனைப் பார்த்தேன். ஆறு.
(ஐந்தை விட்டது வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது.)
எட்டில் சொன்னாள்:
"பன்."

கணீரென்று, ஒரு பிசிறில்லாமல்.
வாங்கிக்கொண்டு நடந்தாள்.
கேக்கை அவள் திரும்பிப் பார்க்கவில்லை,
நான்தான் பார்த்தேன்.
எத்தனை நாளாக இப்படி,
வாயில் வருகிற சொல்லுக்குத் தக்கபடி
ஆசையை மாற்றிக்கொண்டிருக்கிறாள்?

மல்லாந்து படுத்தால் நாக்கு தானாகப் பின்னுக்குப் போகும்
என்றிருந்தார் மேடம்.
மே மாதம், கரண்ட் இல்லை, மொட்டைமாடி.
ஒரே பாயில் மூன்று பேரும் மல்லாந்து
க்க்க் க்க்க் என்று வானத்தைப் பார்த்துக் காறினோம்.
யாருக்கோ மூச்சு முட்டுகிறதென்று
பக்கத்து மாடியிலிருந்து டார்ச் அடித்தார்கள்.
அந்த வெளிச்சத்தில் சிரிப்பு வந்து, புரையேறி,
வந்துவிட்டது அவளுக்கு.
க.

படுத்தால் மட்டும் வந்தது ஒரு வாரம்.
பிறகு உட்கார்ந்தாலும்.
பிறகு நிற்கவே இல்லை.
தண்ணி கண்ணி. தோசை கோசை.
மாலை போட்ட படத்தைக் காட்டி
காக்கா என்றாள் நேற்று.
அப்பா சட்டத்தை விட்டு எழும்பிப் பறந்துவிடுவார் போலிருந்தது.
நல்ல அறிகுறி என்கிறார் மேடம் ஃபோனில்,
கொஞ்ச நாள் இப்படித்தான் ஆடும்.

தோதையாக இருந்தவள் இப்போது கோகை.
பேர் வைத்த அன்று தெரியாது,
இரண்டே எழுத்தில்
நாக்கு பின்னால் போய் முன்னால் வரவேண்டும் என்று.

இன்று காலை கேஸ் கொண்டுவந்தவர்
வாசலில் நின்று கேட்டார்,
"பாப்பா, உன் பேர் என்ன?"
நான் வாய் திறந்தேன். மேகலா என் காலை மிதித்தாள்.
மூன்று. நான்கு.
கோதை உதட்டை நனைத்துக்கொள்கிறாள்.
ஐந்து.
சிலிண்டரைத் தோளிலிருந்து இறக்காமல்
நிற்கிறார் அந்த மனிதர்.