பத்தேமுக்கால் மில்லி

திருவோணத்துக்கு இன்னும் நாலு நாள்.
பொள்ளாச்சிச் சாலையில் டேங்கர்கள்
புளியமரம் தாண்டியும் நிற்கின்றன.
ஒவ்வொன்றின் வயிற்றிலிருந்தும் ஒரு கரண்டி மொண்டு
என் மேசைக்குக் கொண்டுவருகிறான் பிரஸீத்.
பன்னிரண்டாயிரம் லிட்டருக்காகப்
பத்தேமுக்கால் மில்லி வாய்திறக்கும்.

முதலில் அமிலம். பிறகு பால், குழாயின் சுவரோடு,
தூங்குகிறவனைத் தாண்டிப் போவதுபோல.
ஒரு மில்லி அமைல் ஆல்கஹால்.
அடைத்துக் குலுக்கினால் காப்பி நிறத்துக்கு மாறிக்
கை சுடும்.
மையவிலக்கி சுற்றும் ஐந்து நிமிடமும்
மேசை நடுங்கும், சாயா கிளாஸ் நடுங்கும்.
நின்றபின் குழாயின் கழுத்தில்
பொன்னிறமாய் ஒரு விரற்கடை கொழுப்பு: நாலு புள்ளி ஒன்று.
பிரிவதென்றால் இப்படிப் பிரியவேண்டும்,
கோடு கிழித்து, எண் சொல்லி.

அன்னப்பறவை என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.
பாலில் தண்ணீர் மட்டும் ஊற்றத் தெரிந்திருந்த
காலத்துப் பறவை அது.
இப்போது தண்ணீர் ஊற்றுகிறவன்
லாக்டோமீட்டர் மூழ்காதிருக்க உப்புப் போடுகிறான்,
உப்புக்குச் சோதனை வந்ததும் சர்க்கரைக்கு மாறுகிறான்.
புளித்ததை மறைக்கச் சோடா.

கொழிஞ்சாம்பாறையில் ஏழாவது படிக்கையில்
'பொருத்துக' என்றொரு கேள்வி, ஐந்து மார்க்.
இரும்புத்தூளும் மணலும்: காந்தம்.
எண்ணெயும் நீரும்: பிரிபுனல்.
சேற்றுநீரைத் தெளியவிட்டு இறு.
உப்புநீரை வாலையில் வடி.
எல்லாவற்றுக்கும் எதிர்ப்பக்கம் ஒரு வழி இருந்தது.
பாலை அந்தக் கேள்வியில் சேர்க்கவே இல்லை.
கூழ்மம் என்ற சொல்
பாடத்தின் கடைசிப் பத்தியில்
மழைநாளில் வந்து, நடத்தப்படாமல் போனது.

ஒன்று நாற்பதுக்கு வந்த வண்டி.
ரோசாலிக் அமிலம், சில சொட்டு.
செங்கல் பழுப்பு வரவேண்டிய இடத்தில்
ரோஜா.
கழுவி, வேறு குழாயில், மறுபடி செய்தேன்.
மறுபடி ரோஜா.
ஜன்னலுக்கு வெளியே நாச்சிமுத்து,
"அழகா இருக்குதுங்" என்றான்,
அது எதன் நிறம் என்று தெரியாமல்.

சொன்னேன்.

"நாலு ஊருப் பாலுங்க மேடம்,
எரநூத்திச் சொச்சம் வீடு.
எவனோ ஒருத்தன் போட்டிருப்பானுங்.
எவனோடதுன்னு சொல்லிப்போடுங்க,
அத மட்டும் எறக்கிட்டுப் போயிர்றேன்."

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. காத்திருந்தான்.
எனக்கும் மனசுக்குள் பட்டியல் ஓடியது:
வடிகட்டல், படிகமாக்கல், பதங்கமாதல், நிறப்பிரிகை.
பால் முழுவதையும் வற்றவைத்து எரித்தால்
சாம்பலில் சோடா கிடைக்கும்.
வீட்டு எண் கிடைக்காது.

"கலந்துடுச்சு" என்றேன்.
வேறு சொல் வரவில்லை.

அவனிடம் தமிழில் சொன்னதை
மலையாளத்தில் எழுதி, ஷெமீனா என்று கையெழுத்திட்டேன்.
எண்கள் இரண்டு பக்கத்துக்கும் பொது.
காகிதத்தை நாலாக மடித்து
சட்டைப்பைக்குள், பீடிக்கட்டோடு வைத்தான்.
பின்னோக்கி எடுக்க இடமில்லை;
பதினோரு வண்டிகள் ஒதுங்கி வழிவிட்டன.
கணவாய்க் காற்றில் தார்ப்பாய்கள் அடித்துக்கொண்டன.

விடிகாலையில் குழாய்களைக் கழுவப்போனேன்.
அவன் மாதிரியில் மிச்சம், மருந்து படாதது,
ஜன்னல் விளிம்பில் கிளாசில் இருந்தது.
யாரும் சுற்றவில்லை, சுடவைக்கவில்லை.
மேலே மஞ்சளாய் ஆடைக்கொழுப்பு
தானாக ஏறி ஒதுங்கியிருந்தது.

அவன் டேங்கருக்குள்ளும் இந்நேரம்
இப்படி ஏறத் தொடங்கியிருக்க வேண்டும்.
ஆனால் அம்பராம்பாளையம் வரை
சாலையை வெட்டிப் போட்டிருக்கிறார்கள்.
குலுங்கிக்கொண்டேதான் போகும்.