பேரீச்சைக்கு இளநீர் கிடையாது

ஞாயிறு இங்கே வெள்ளிக்கிழமை வருகிறது.
அது பழகவே இரண்டு வாரம் ஆகும் என்றார்
பங்கு அலுவலகத்தில் சாவி கொடுத்த பிலோமின் அண்ணன்.
ஏழாம் அறைச் சாவி, ஒரு சாக்பீஸ் பெட்டி, வருகைப் பதிவேடு.
"பேரெல்லாம் பென்சில்லயே எழுதுங்க" என்றார்.
ஏன் என்று கேட்பதற்குள் அவருடைய போன் அடித்தது.

வேம்பாரிலிருந்து நான் கொண்டுவந்தது
ஓராண்டுக்கு அனுப்பிவைத்த ஆயரின் கடிதம்,
அம்மா ஏழு உறை போட்டுக் கட்டிய நெத்திலிக் கருவாடு,
பயிற்சியில் எழுதி நிரப்பிய நோட்டு.
அதில் சிவப்பு மையில் அடிக்கோடிட்ட ஒரு வரி:
பிள்ளைகளுக்குப் பாலைவனத்தை எளிமையாக விளக்கு.

விளக்கினேன்.
முதல் வெள்ளி, காலை ஒன்பது மணி.
மலையாளப் பூசை முடிந்து கொங்கணிப் பூசைக்குக்
கார்கள் இடம் மாற்றுகிற ஹாரன் சத்தத்துக்கு மேலே
"பாலைவனம்னா மணல். நிறைய மணல்" என்றேன்
தொண்டை கிழிய.

இருபத்தாறு முகங்கள்.
நேற்றுப் புழுதிக்காற்றுக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை விட்ட முகங்கள்.
மரியாதையாகக் கேட்டுக்கொண்டன.

பிறகு பெத்லகேம் வரைந்தேன்.
குடில், மாடு, பின்னால் ஒரு மரம்.
"மிஸ், அது தேங்காய் மரம்."
ஜோவிட்டா எழுந்து வந்தாள். அனுமதி கேட்கவில்லை.
என் இளநீர்க் குலைகளை உள்ளங்கையால் அழித்தாள்.
அடிமரத்தில் செதில் செதிலாக வெட்டு போட்டாள்.
ஓலையைக் குட்டையாக, முள்ளாக,
வெயிலை முறைக்கிற மாதிரி விரித்துவிட்டுக்
கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.
என் சேசு பாலன்
அன்றைக்குத்தான் எங்கள் கடற்கரையை விட்டுப் போனார்.

அறையில் நான் தனி. நான்காம் மாடி.
பாங்கு ஒலிக்கும்போது என் செபமாலை
எந்த மணியில் நின்றதென்று மறந்துவிடுகிறது.
மறுபடி முதலிலிருந்து.
ஒரே மாலையில் இப்படி மூன்று தடவை.
யாருக்கும் நட்டமில்லை.
தீவு என்றார்கள். பத்து நாளாகக் கடல் கண்ணில் படவில்லை.
சன்னலைத் திறந்தால் மூக்குக் கண்ணாடி மட்டும்
சட்டென்று நனைகிறது.

இரண்டாம் வெள்ளி, விடுதலைப் பயணம்.
நாற்பது ஆண்டு தினமும் மன்னா என்றதும்
"குப்பூஸ் மாதிரியா?" என்றான் ரெனாட்டோ.
ஆமாம் என்றேன். அதைவிட நன்றாக எனக்குச் சொல்ல வராது.

அன்சல்ம் கை தூக்கினான்.
தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுப் பார்த்துப் பேசுகிறவன்.
"எக்ஸோடஸ்னா எக்ஸிட்டா, மிஸ்?"
கதவுக்கு மேலே பச்சை விளக்கில் அதே சொல் எரிந்தது.
வகுப்பு சிரித்தது. நானும்தான்.
"இல்லப்பா. இது எல்லாரும் சேர்ந்து புறப்படுறது."
"நாங்களும் எல்லாரும்தான் போறோம்.
அப்பாவுக்கு எக்ஸிட் அடிச்சாச்சு. இருபத்தெட்டாம் தேதி."
"எங்கே?"
"நாகர்கோவில். ரெண்டு வாட்டி லீவுக்குப் போயிருக்கேன்."
கொஞ்சம் யோசித்தான்.
"மோசேகூடப் போன பசங்களுக்கு ஸ்கூல்ல டி.சி. குடுத்தாங்களா?"

நோட்டைப் புரட்டினேன், புரட்டுவதற்காக.
செங்கடல் இருந்தது. பத்துக் கட்டளை இருந்தது.
அவன் அதற்குள் ரெனாட்டோவிடம்
தன் சைக்கிளை என்ன விலைக்குத் தருவதென்று
பேரம் பேசிக்கொண்டிருந்தான்.

எல்லாரும் போனபின் ஏசியின் உறுமல் மட்டும்.
பதிவேட்டில் அவன் வரிசையில் அழிப்பானை வைத்தேன்.
இருபத்தெட்டுக்கு இன்னும் இரண்டு வெள்ளி இருக்கிறது.
எடுத்துவிட்டேன்.

முதல் பக்கத்தில், ஆசிரியர் என்ற இடத்தில்
என் பெயரையும் பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன்.
வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்
அதற்கடியில் மூன்று பெயர்களின் பள்ளம்.
ஒன்று பெர்பெத்துவா. மற்ற இரண்டும்
எந்த மொழி என்று படிக்க முடியவில்லை.