இடது ஓரம்

பதினேழு படங்களிலும்
இடது ஓரம் சிவந்திருந்தது,
வெற்றிலை மென்றவன் கடைவாய் போல
மெலிதாக, மறைக்க முடியாதபடி.

"மேகமும் சிவப்பு, மணலும் சிவப்பு.
அப்போ இந்தச் சாம்பல் தண்ணி மட்டும்
எப்படிம்மா நிஜம்னு நம்பறது?"
மேசைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார் அதிகாரி.
கெட்டவரில்லை. கேள்வியிலும் தப்பில்லை.
எண்ணூரிலிருந்து வந்த பஸ் டிக்கெட்டை
விரலில் சுருட்டியபடி நின்றிருந்த கன்னியப்பன்
வெளியே வந்ததும் சொன்னார்:
"இன்னாக்கா, ஆத்துக்குக் குங்குமம் வெச்சிட்டியே."

பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய
அகலப் பார்வை லென்ஸ்.
நடுவில் நேராக விழும் வெளிச்சம்
ஓரத்தில் சாய்ந்துதான் விழும்,
ஷேர் ஆட்டோவில் ஆறாவது ஆளாக
ஒருக்களித்து உட்கார்ந்தவன்
பக்கத்து மடியில் டீயைச் சிந்துவதுபோல.
பச்சைக்குப் போகவேண்டியது சிவப்புக்குப் போய்விடும்.
யார்மேலும் குற்றமில்லை, கோணம் அப்படி.
இதை அந்த மேசையில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தண்டையார்பேட்டை போர்டு கடையில்
யாரோ ஒருவருடைய ஜவுளிக்கடைப் பெயரை அறுத்த மிச்சம்,
கையகலத்துக்குப் பால்வெள்ளை அக்ரிலிக். இருபது ரூபாய்.
"எதுக்கு?"
"வெள்ளையைப் படமெடுக்க."
ஷாகுல் பாய் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்.

மறுபடி காட்டுக்குப்பம், மறுபடி படகு.
ஒவ்வொரு படத்துக்குப் பிறகும்
அதே துளை, அதே தூரம்,
லென்ஸின் மூக்கில் அந்தப் பலகை.
ஆறு மறைந்தது, புகைபோக்கி மறைந்தது.
திரையில் பார்த்தால் அதுவும் வெள்ளையாக இல்லை:
இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் லேசாகப் பாசி.
எதிரே ஒன்றுமே இல்லாதபோதும்
அது எதையோ பார்த்திருக்கிறது.

"ஒண்ணுமே தெர்லியே" என்றார்.
"இது லென்ஸோட மூஞ்சிண்ணா."

இரண்டு முறை கரண்ட் போய்வந்த இரவில்
ஒவ்வொரு படத்தையும் அதனதன் வெள்ளையால் வகுத்தேன்.
கழித்தல் இல்லை, வகுத்தல்.
மேகம் மேகமானது.
ஊதா என்று நான் நினைத்திருந்த லுங்கி
நீலம்.
தண்ணீர் மட்டும் நடுவிலும் ஓரத்திலும்
அதே சாம்பல்.
அதுவும் மாறிவிடாதா என்று ஒரு நொடி
நானே ஆசைப்பட்டேன்.

ஒரு படத்துக்கு மட்டும் வெள்ளை இல்லை.
பற்களில் பரியைக் கடித்தபடி
கழுத்தளவு சேற்றுநீரிலிருந்து அவர் எழுந்த படம்.
எடுத்த கையோடு பலகையைத் தேடினேன்.
"இந்தா புடி" என்று பரியை நீட்டினார்.
உள்ளே நாலே நாலு இறால்.
பிடித்துக்கொண்டேன். வெளிச்சம் போய்விட்டது.

வேறொரு துளையின் வெள்ளை இதற்குப் பொருந்தாது.
கண்ணளவாகச் சரிசெய்திருக்கலாம்,
யாருக்கும் தெரிந்திருக்காது.
மேகத்தைச் சரிசெய்யும் அதே விரல்
தண்ணீரையும் தொட்டதா என்று
அடுத்த முறை கேட்டால் என்ன சொல்வேன்?

அப்படியே பிரிண்ட் போட்டேன். பின்பக்கம் எழுதினேன்:
"இடது ஓரச் சிவப்பு என் லென்ஸுடையது.
இந்தப் படத்தில் திருத்தவில்லை."
எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு
"எம்பேரையும் போடு, இனிஷியலோட" என்றார் கன்னியப்பன்.

பால்பாயிண்ட் பேனா, அழுத்தி எழுதிவிட்டேன்.
திருப்பிப் பார்த்தால்
சிவந்த மேகத்தில்
தலைகீழாகப் புடைத்திருந்தது
அவர் பெயர்.