லிஃப்ட் ரோசாக்

செந்தூலில் எங்கள் அடுக்குமாடிக்கு
ஒரே ஒரு லிஃப்ட்.
அதன் கதவில் வருஷக்கணக்காய் ஒட்டியிருந்த காகிதத்திலிருந்துதான்
பெயரை எடுத்தோம்:
லிஃப்ட் ரோசாக்.
பழுதுக்கு நம் பெயரை வைத்துவிட்டால்
அப்புறம் யார் கேலி செய்வது என்றான் யுகேந்திரன்.
பதினொன்றாவது மாடிப் படியில் நின்றிருந்தோம்.
பதில் சொல்ல எனக்கு மூச்சு இல்லை.

அவன் வீட்டு அலமாரிக்குள்
தம்பியின் பள்ளிச் சீருடைக்கும் ஒரு தீபாவளி ஜிப்பாவுக்கும் நடுவில்
மைக்கைத் தொங்கவிட்டோம்.
மின்விசிறியை நிறுத்தினால்தான் பதிவு.
பத்துமலைக்குப் போகும் கொமுட்டர்
சரியாக அந்நேரம் ஜன்னலுக்குக் கீழே கடக்கும்.
எங்கள் எல்லாப் பாட்டிலும்
மூன்றாம் சரணத்தில் அந்த ரயில் இருக்கிறது,
கூலி கேட்காத தவில்காரன் மாதிரி.

டெரன்ஸ் சூசைநாதன் வந்தது
கெப்போங்கில், கார் கழுவும் கடைக்குப் பின்னால்
நாங்கள் பாடிய இரவில்.
அறுபது பேர். பன்னிரண்டு பேர் சொந்தக்காரர்கள்.
ஸ்பீக்கர் இரண்டு தரம் செத்தது.
'மேலே போக வழி இல்லே
கீழே இறங்க மனசில்லே' என்று நான் நிறுத்திய இடத்தில்
கூட்டம் தொண்டையால் மிச்சத்தைப் போட்டது:
'நடுவுல நிக்கிற எங்களை
நகர்த்த எவனுக்கும் தெம்பில்லே.'
அவர் அட்டையை நீட்டிவிட்டுப் போனார்,
ஷூ முழுக்க சோப்பு நுரை.

ஒப்பந்தம் இருபத்திரண்டு பக்கம்.
மமாக் கடையில் விரித்தோம்.
தே ஓ ஐஸ் வைத்து எடுத்த ஈர வட்டம்
ஏழாம் பக்கத்தில் விழுந்தது.
வட்டத்துக்குள்:
பெயர், உச்சரிப்பு, உடை
நிறுவனத்தின் விருப்பப்படி.

டெரன்ஸ் நல்ல மனுஷன். அதுதான் தொல்லை.
வில்லனாக இருந்திருந்தால்
ரெண்டே வரியில் முடித்திருப்பேன்.
பொறுமையாகச் சொன்னார்:
"ரோசாக் என்றால் சென்னையில் யாருக்கும் புரியாது.
பசியாறியாச்சா என்றால் சிரிப்பார்கள்.
அந்த 'லா'வை மட்டும் கொஞ்சம் குறைங்க லா."
சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

யுகேந்திரன் அங்கேயே கையெழுத்துப் போட்டான்.
கடன், குடும்பம், வைத்தியச் செலவு
எதையும் இழுக்கவில்லை.
"எனக்கு வேணும்" என்றான்.
இத்தனை சுத்தமான வரியை
நாங்கள் சேர்ந்து ஒருநாளும் எழுதியதில்லை.

நான் போடவில்லை.
கொள்கை என்று நினைத்துவிடாதீர்கள்.
பேனாவை வாங்கினேன். மூடியைக் கழற்றினேன்.
யோசிக்க ஒரு வாரம் கேட்டேன்.
அந்த வாரம் இன்னும் முடியவில்லை.

முந்நூறு டி-சட்டை அச்சடித்ததில்
இருநூற்று நாற்பது என் கட்டிலுக்கு அடியில்.
போன மாதம் பாட்டுக்கு வந்த பணம்
பதினாலு ரிங்கிட் இருபது சென்.
பகலில் மருந்துக்கடையில் விலைச்சீட்டு ஒட்டுகிறேன்.
எதுகை தேடும் நேரத்தில்
காய்ச்சல் மாத்திரைக்கு ஷாம்பு விலை ஒட்டி
மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.
என் 'லா'வை யாரும் குறைக்கவில்லை.
யாரும் கேட்கவும் இல்லை,
அதையும் சொல்ல வேண்டும்.

நேற்று கிராப் காரில், வானொலியில் அவன்.
புதுப் பெயர். துடைத்து வைத்த குரல்.
'பசியாற' இருந்த இடத்தில் 'டிபன்'.
மூன்றாம் சரணம் வந்தது.
ரயில் இல்லை.
ஆனால் அது வரவேண்டிய இடத்தில்
அரை நொடி நின்றான்.
எல்லா ஓட்டையையும் அடைத்தவர்கள்
இதை எப்படி விட்டார்கள்?
தாளம் தட்டிக்கொண்டு வந்த டிரைவர்,
டூடோங் அணிந்த மலாய்ப் பெண்,
அவள் விரலும் ஸ்டீரிங்கின் மேல்
அந்த அரை நொடி காத்திருந்தது.

பொறாமை இல்லை என்று எழுதினேன்.
அடித்தேன்.

வீட்டுக்கு வந்தால் லிஃப்ட் சரியாகியிருந்தது.
புதுக் கதவு, புது விளக்கு, காகிதம் இல்லை.
பொத்தானைத் தொடாமல்
படியேறினேன்,
ஏழாவது மாடி வரைக்கும்.
அங்கே நின்று, யாரும் பார்க்கவில்லை என்று பார்த்து,
லிஃப்டைக் கூப்பிட்டேன்.