பத்து மணிக்குமேல் சூடு கிடையாது

ஒரு வோல்ட் ஏற்றினால் ஒரு ஸ்தாயி ஏறும்.
அப்படித்தான் எனக்குச் சொன்னார்கள்.
ஆண்ட்வெர்ப், பிப்ரவரி, வானொலிக் கட்டடத்தின் நிலவறை.
இரவு எட்டிலிருந்து காலை எட்டுவரை
ஸ்டூடியோ என் பெயரில்.

சுவர் முழுக்கச் சாம்பல்நிறப் பெட்டிகள்.
வடங்களைத் தோளில் போட்டுக்கொண்டு
அலையாக்கியிலிருந்து வடிப்பானுக்கு,
வடிப்பானிலிருந்து இன்னொன்றுக்கு,
மஞ்சள் வடம் எங்கே போகிறதென்று
எனக்கே மறந்த பிறகு
ஒலி வந்தது,
ஈரத் தகரத்தை விரலால் தேய்த்ததுபோல.

மூன்று குரல் வேண்டும், அசையாமல்.
ஒன்பதரைக்குச் சேர்த்துவிட்டேன்.
பஞ்சமம் நூல் பிடித்தாற்போல் நின்றது.

பத்துக்கு ஹோடலீவ்
கொதிகலனை அணைத்துவிட்டு
சைக்கிளில் வீட்டுக்குப் போய்விடுவார்.
நிர்வாகத்தின் உத்தரவு.
அதன்பின் கட்டடம் ஆற ஆறச் சுருதி இறங்கும்.
மூன்றும் ஒன்றாக இறங்கினாலாவது பரவாயில்லை.
கதவோரத்துப் பெட்டி முதலில்,
என் முழங்காலருகே இருப்பது வெகுநேரம் கழித்து.
நடுவில் இருப்பதற்கு மட்டும் வீம்பு.

முதல் இரவு குமிழ்களோடு மல்லுக்கட்டினேன்.
இரண்டாம் இரவு என் கம்பளிக் கோட்டைக் கழற்றிக்
கதவோரத்துப் பெட்டிக்குப் போர்த்தினேன்.
நடுங்கினது நான்தான்.
பன்னிரண்டரைக்குக் கடைசி டிராம் முக்குத் திரும்பும்போது
மின்சாரம் ஒரு கணம் தளரும்.
மூன்று குரலும் ஒருசேரக் குனிந்து நிமிரும்,
தூக்கத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல.
டிராமையும் திட்டினேன்.

மூன்றாம் இரவு
கோட்டை நானே போட்டுக்கொண்டேன்.
பத்தடிக்க ஒரு நிமிடம் இருக்கையில்
நாடாவை ஓடவிட்டேன்.
மேலே கொதிகலன் அணைகிற 'டொக்'.
கைகளைப் பைக்குள் வைத்துக்கொண்டு
ஒரு கட்டடம் குளிர்வதைக் கேட்டேன்.
பஞ்சமத்தில் மெல்ல ஒரு துடிப்பு விழுந்தது.
விநாடிக்கு ஒன்று. அப்புறம் மூன்று.
அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன்.
நாடா தீர்ந்தால் மாற்றினேன், அவ்வளவுதான் என் வேலை.
பன்னிரண்டரைக்காகக் காத்திருந்தேன்.
டிராம் நான்கு நிமிடம் தாமதம்.

காலையில் அடுத்த ஆள், ரெம்பெர்ட்,
ரொட்டிப் பொட்டலத்தோடு வாசலில் நின்றார்.
கடைசி அரை நிமிடத்தைக் கேட்டுவிட்டு
"இதை மறுபடி எப்படிச் செய்வாய்?" என்றார்.
இந்தப் பெட்டிகளுக்கு எதையும் நினைவில் வைக்கத் தெரியாது.
வடங்களை உருவி ஆணியில் மாட்டினேன்.
நாடா உறையில் என் பெயர் எழுதினேன்.
கொஞ்சம் யோசித்து, ஹோடலீவ் பெயரையும்.
அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

மஞ்சள் வடத்தைக் கடைசியாக இழுத்தேன்.
மறுமுனை
எதிலும் செருகப்படவே இல்லை.