இரண்டு விரற்கடை

டூசானில் ஜூன் மாதம்.
வெயில் எல்லார் வீட்டு நீச்சல்குளத்திலும்
கொஞ்சம் குடித்துவிட்டுத்தான் போகும்.
அதனால் ஹாஸ்கெட் சொன்னதை நான் நம்பவில்லை.
“குளம் ஒழுகுகிறது, ரமோனா.”
“ஒழுகவில்லை, வானம் குடிக்கிறது.”
தண்ணீர் பில்லை நீட்டினார்.
வானத்துக்கு அவ்வளவு தாகம் கிடையாது.

மூலையில் ஒரு மிதவை வால்வு.
மட்டம் இறங்கினால் தானே திறந்து,
தானே நிரப்பி,
தானே மூடிக்கொள்ளும்.
எத்தனை வருஷமாகவோ
ஒருவரிடமும் மூச்சு விடாமல்
யார் கடனையோ அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது.
சில குடும்பங்களில் இப்படி ஒருவர் இருப்பார்.
முதலில் அதன் வாயை அடைத்தேன்.

பம்பின் மூடியைத் திறந்தேன்.
ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது.
கூடையில் பாலோவெர்டே பூக்கள், மஞ்சள் சேறாக;
ஒரு செத்த தேள்; ஒற்றைத் தோடு.
தோட்டைப் பார்த்ததும் ஹாஸ்கெட்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
யாருடையது என்று நான் கேட்கவில்லை.
“குளோரின் நெடி தூக்கலாக இருக்கிறதே” என்றார்.
குளோரின் போதாதபோதுதான் அந்த நெடி வரும்.
பத்தொன்பது வருஷமாக வீடு வீடாகச் சொல்லிப் பார்க்கிறேன்,
எவரும் நம்புவதில்லை.

முதல் படியில் ஒரு வாளியை வைத்தேன்.
குளத்துத் தண்ணீரையே மொண்டு ஊற்றி
உள்ளே ஒரு கோடு, வெளியே ஒரு கோடு,
கறுப்பு டேப்பில்.
வெயில் இரண்டிலும் ஒரே அளவுதான் எடுக்கும்,
அதற்கு ஓரவஞ்சனை தெரியாது.
அதற்குமேல் குறைந்தால் திருட்டு.

மறுநாள் காலை
வாளியில் பாதியைக் காணோம்.
குளம் அவ்வளவு இறங்கவில்லை.
ஹாஸ்கெட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்:
“அப்படியென்றால் வாளிதான் ஒழுகுகிறதா?”
சிமெண்டுத் தரையில் காய்ந்த குளம்புத் தடங்கள்,
பெரியதும் சிறியதுமாக.
ஹவலினா. காட்டுப்பன்றிக்குத் தம்பி முறை.
அத்தனை பெரிய குளத்தை விட்டுவிட்டு
குட்டிகளோடு வந்து
என் பரிசோதனையைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறது.

கம்பிவலை மூடி, மேலே கல்,
இரண்டு நாள்.
வாளியில் ஒரு விரற்கடை.
குளத்தில் மூன்று.

பம்பை நிறுத்தினேன்.
ஊசிக்குழாயில் சிவப்புச் சாயத்தோடு இறங்கினேன்.
தண்ணீர் அசையாமல் நிற்க வேண்டும்;
அதற்கு நான் அசையாமல் நிற்க வேண்டும்.
ஸ்கிம்மர் வாயில் ஒரு சொட்டு: சும்மா தொங்கியது.
அடித்துவாரத்தில் ஒரு சொட்டு: புகைபோல நின்றது.
விளக்குக் குழியின் ஓரத்தில் விட்டேன்.
திரும்பிக்கூடப் பார்க்காமல்,
ஊசிக்காதில் நூல் நுழைவதுபோல்
உள்ளே போய்விட்டது.

பிசின் குழைத்து நீருக்கடியிலேயே பூசினேன்.
மேலே வந்து மூச்சு வாங்கும்போது
மதிலுக்கு அந்தப் பக்கம் தெரிந்தது:
டெல்ஃபின் க்ராஃப்ட் வீட்டு மெஸ்கீட் மரம்.
தெருவில் மற்ற மரமெல்லாம் சுள்ளியாக நிற்க
அது மட்டும் அப்படி ஒரு பச்சை.
“என் கைராசி” என்றாள், பூவாளியை ஆட்டிக் காட்டி.
நானும் கையாட்டினேன்.
ஹாஸ்கெட் மரத்தைப் பார்த்தார், பில்லைப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்டில் ஃபில்டர் கழுவப் போனேன்.
இந்த வருஷமும் மழை ஏமாற்றியிருந்தது.
குளம் கோட்டிலேயே நின்றது, சமர்த்தாக.
மதிலைத் தாண்டி இலை கொட்டிக்கொண்டிருந்தது.
டெல்ஃபின் மரத்தடியில் நாற்காலி போட்டு
தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கூடை நிறைய அந்த இலைதான்.
கொட்டிவிட்டு நிமிர்ந்தபோது
ஹாஸ்கெட் தோட்டத்துக் குழாயை இழுத்து வந்து
மதில்மேல் போட்டுக்கொண்டிருந்தார்.
ஐந்து டாலர் ரப்பர் வளையத்துக்குப்
பத்து நிமிஷம் பேரம் பேசிய மனிதர்.
குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
“ஒரு நாளைக்கு எவ்வளவு போய்க்கொண்டிருந்தது?”

கை ஈரமாக இருந்தது.
குளத்து விளிம்பில் வைத்து
இரண்டு விரலைக் காட்டினேன்.
பில்லில் அதை எழுதவில்லை.